முள்ளெலும்புக்குள் செலுத்தும் சிமெண்ட்: எலும்பாகவே மாறும் பொருள் ஏன் இன்னும் வரவில்லை?

நிலவழகி எழுதியது:

எலும்புப்புரையால் அமுங்கிப்போன முள்ளெலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்துகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த இழை. என் அம்மாவுக்குப் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு அமுங்கியிருக்கிறது. செய்வதா வேண்டாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் பேசி முடிவெடுத்துக்கொள்வோம், அதை இங்கே கேட்கவில்லை. எனக்குப் புரியாதது வேறு. உள்ளே போவது ஒருவகை பிளாஸ்டிக் என்றும், ஆயுள் முழுக்க அது அப்படியேதான் இருக்கும் என்றும் படித்தேன். எலும்பில் இருப்பதும் கால்சியம் பாஸ்பேட்தானே, அதையே குழைத்துச் செலுத்தினால் உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் எலும்பாக மாற்றிக்கொள்ளாதா? அப்படிப்பட்ட கலவைகள் இருப்பதாகவும் தெரிகிறது. பிறகு ஏன் இன்னும் பிளாஸ்டிக்? துறையில் இருப்பவர்கள் விரிவாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

பொருள்மணி எழுதியது:

எலும்புச் சிமெண்ட் ஆய்வுதான் என் தொழில் என்பதால் முதலில் நான் தொடங்குகிறேன்.

நீங்கள் பிளாஸ்டிக் என்று சொன்னது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாகப் பி.எம்.எம்.ஏ. கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படும் அக்ரிலிக் பலகையும் இதே பொருள்தான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டைத் தொடையெலும்பில் பதிக்க இதைக் கொண்டுவந்தார். முள்ளெலும்புக்குள் முதலில் செலுத்தியது 1984இல், பிரான்சின் அமியான் நகரில். கலிபேர், டெராமோன் என்ற இரு மருத்துவர்கள் செய்தார்கள். அந்த நோயாளிக்கு இருந்தது எலும்புப்புரை அல்ல, கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பில் வளர்ந்த இரத்தக்குழாய்க் கட்டி. வலி குறைந்தது. 1987இல் அதை வெளியிட்டார்கள். எலும்புப்புரைக்கு அது வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, இந்தப் பொருளை எலும்புப்புரைக்காக யாரும் வடிவமைக்கவில்லை. கையில் இருந்தது, வேலை செய்தது, நிலைத்துவிட்டது.

அதன் வசதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தூளையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் பற்பசைப் பதத்துக்கு வரும். அந்தப் பதம் மருத்துவர் வேலையை முடிக்கும் வரை ஓரளவு நிற்கும், அப்புறம் மளமளவென்று இறுகிவிடும். பேரியம் சல்பேட்டோ சிர்கோனியம் ஆக்சைடோ கலந்திருப்பதால் எக்ஸ்ரே திரையில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே செலுத்தலாம். நோயாளி அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கலாம்.

குறைகளும் அதே பொருளில்தான். இறுகும்போது சூடு வரும், ஆய்வகத்தில் அளந்தால் 70 பாகை செல்சியஸைத் தாண்டும். இறுகாமல் மிஞ்சும் மெத்தாக்ரிலேட் திரவம் செல்களுக்கு நஞ்சு. எல்லாவற்றையும் விட விறைப்பு என்னைக் கவலைப்பட வைக்கிறது. பி.எம்.எம்.ஏ.வின் விறைப்பு 2 முதல் 3 ஜிகாபாஸ்கல், அதாவது 2,000 முதல் 3,000 மெகாபாஸ்கல். முள்ளெலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை எலும்பு சில நூறு மெகாபாஸ்கலைத் தாண்டாது, எலும்புப்புரையில் அதற்கும் கீழே. மெலிந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் இப்படி விறைப்பாக்கினால் சுமை பக்கத்து எலும்பின் மேல் விழுமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இதே சிமெண்டில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைக் கலந்து விறைப்பைக் குறைத்தார்கள். புதுப் பொருளைத் தேடாமல் பழையதைத் திருத்திய அந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும்.

கால்சியம் பாஸ்பேட் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், அது பெரிய கதை.

மருதன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எந்தப் பொருள் சிறந்தது என்று பேசுவதற்கு முன்னால், அப்படிச் செலுத்துவதால் பலன் இருக்கிறதா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டாமா? 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பாதிப் பேருக்குச் சிமெண்ட், மீதிப் பேருக்குச் செலுத்துவது போன்ற போலிச் செயல்முறை. இரண்டு ஆய்விலும் வலியில் வித்தியாசம் இல்லை. பிறகு வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் வழக்கமான பயன்பாட்டுக்கு ஆதரவு தரவில்லை. என் தந்தைக்கு முதுகில் எலும்பு அமுங்கியபோது சிமெண்ட் இல்லாமலே வலி தணிந்தது. பொருளறிவியல் மேல் இருக்கும் மோகத்தில் இந்த அடிப்படையை மறந்துவிடக் கூடாது.

கதிரொளி எழுதியது:

மருதன் ஐயா, நீங்கள் எழுப்பிய கேள்வி இந்த இழைக்கு அவசியமானது. நான் இந்தச் சிகிச்சையைச் செய்யும் மருத்துவர், அந்த நிலையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

2009 ஆய்வுகள் தரமானவை. அவற்றைப் புறந்தள்ளும் சக மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவற்றில் எலும்பு முறிந்து ஓராண்டு வரை ஆனவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆறிவிட்ட முறிவில் சிமெண்ட் எதைத் தாங்கிப் பிடிக்கும்? அதனால்தான் 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த வேப்பர் என்ற ஆய்வு, ஆறு வாரத்துக்குள் முறிந்த, கடுமையான வலி உள்ள 120 பேரை மட்டும் எடுத்தது. அதில் சிமெண்ட் பெற்றவர்களுக்குப் பலன் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து வெர்டோஸ் நான்காம் ஆய்வு 180 பேரை எடுத்தது, முறிந்து ஒன்பது வாரம் வரை ஆனவர்கள். அதில் போலிச் செயல்முறைக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஏன் இந்த முரண்? என் கணிப்பு இது. வெர்டோஸில் போலிச் செயல்முறை பெற்றவர்களுக்கும் எலும்பின் மேலுறை வரை மரப்பு மருந்து செலுத்தினார்கள், வேப்பரில் தோலுக்கடியில் மட்டும். எலும்புறையில் போடும் மரப்பு மருந்தே ஒரு சிகிச்சையாக வேலை செய்திருக்கலாம். அப்படியானால் சிமெண்டை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே மாறிப்போகிறது. இது என் வாசிப்புத்தான், எல்லோரும் ஏற்கவில்லை.

நான் யாருக்குச் செய்கிறேன் என்று கேட்டால்: முறிவு புதியதாக இருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது தெரிய வேண்டும், மருந்து கொடுத்தும் படுக்கையை விட்டு எழ முடியாத வலி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. உங்கள் தந்தையைப் போலச் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

மருதன் எழுதியது:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் கட்டுப்பாட்டோடு எல்லா இடத்திலும் செய்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு விலகவில்லை. பொருள்மணி, தொடருங்கள்.

பொருள்மணி எழுதியது:

கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சாவ் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். பல் மருத்துவ ஆய்வில் இருந்தவர்கள். இரண்டு கால்சியம் பாஸ்பேட் தூள்களை நீரில் குழைத்தால் அவை கரைந்து, உடல் வெப்பத்திலேயே ஹைட்ராக்ஸிஅபடைட் படிகங்களாக மறுபடி உருவாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். எலும்பின் தாதுவுக்கு நெருங்கிய உறவு. சுடாது, நஞ்சு கிடையாது. 1996இல் மண்டையோட்டுக் குறைகளை நிரப்ப அமெரிக்க அனுமதி கிடைத்தது. நிலவழகி கேட்ட பொருள் இதுதான்.

முதுகுக்கு அதைக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல்கள் வரிசை கட்டுகின்றன.

முதல் சிக்கல் ஊசியிலேயே தொடங்குகிறது. அழுத்தித் தள்ளும்போது திரவம் முந்திக்கொண்டு வெளியேறிவிடும், தூள் ஊசிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். துகள்களை உருண்டையாக்குவது, ஹையலுரோனிக் அமிலம் போன்ற வழுவழுப்பான சேர்க்கைகளைக் கலப்பது என்று வழிகள் உண்டு. எண்ணெயில் குழைத்து வைத்து, உடலின் ஈரம் பட்டதும் இறுகும் ஆயத்தக் கலவைகளும் வந்துவிட்டன. இந்தச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்தது என்றே சொல்வேன்.

இரண்டாவது, வலு. நேராக அழுத்தினால் தாங்கும். வளைத்தாலோ சறுக்கினாலோ உடையும், பீங்கானின் இயல்பு அது. நிமிரும்போதும் திரும்பும்போதும் முள்ளெலும்பு எல்லாத் திசையிலும் இழுபடுகிறது.

மூன்றாவதைத்தான் நான் மிகக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். இது இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும்? முள்ளெலும்பு முழுக்கச் சிரைகள், எந்தச் சிமெண்டும் கொஞ்சம் கசியும். பி.எம்.எம்.ஏ. நுரையீரலுக்குப் போய் அடைத்த நிகழ்வுகளும் உண்டு. கால்சியம் பாஸ்பேட் கலவை நுண்துகள்களாகக் கலைந்து, இரத்தத்தை உறையவும் வைக்கக்கூடும். நோரியன் நிறுவனத்தின் நோரியன் எக்ஸ்.ஆர். என்ற கலவையை அமெரிக்காவில் முள்ளெலும்புக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, அதன் சீட்டிலேயே எச்சரிக்கை இருந்தது. ஆய்வகத்தில் மனித இரத்தத்தோடு கலந்தபோது உறைவு ஏற்பட்டது, பன்றியில் செய்த சோதனையில் நுரையீரலில் அடைப்பு வந்தது. அதையெல்லாம் மீறி 2002க்கும் 2004க்கும் இடையில் நிறுவனத்தார் மருத்துவர்களைப் பழக்கி நோயாளிகளுக்குச் செலுத்தவைத்தார்கள். மூன்று பேர் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். 2010இல் அந்த நிறுவனமும் தாய் நிறுவனமான சிந்தெஸும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு நான்கு மேலதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

இயற்கைக்கு நெருக்கமான பொருள் என்றால் பாதுகாப்பானது என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. எலும்பில் இருக்கும்வரை அது சரி. சிரைக்குள் போனால் அதே நெருக்கம் எந்த உத்தரவாதமும் தராது. இந்த வழக்கை எங்கள் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

நிலவழகி எழுதியது:

படித்து அதிர்ந்துவிட்டேன். கசிவை விடுங்கள், ஒழுங்காக உள்ளே இறங்கி இறுகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அது எலும்பாக மாறுமா?

பொருள்மணி எழுதியது:

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நல்ல எலும்பில் என்ன நடக்கிறது? அரிக்கும் செல்கள் பழையதைக் கரைக்கின்றன, கட்டும் செல்கள் அதே இடத்தில் புதியதை வைக்கின்றன. கால்சியம் பாஸ்பேட்டையும் அவை இப்படித்தான் எடுத்துக்கொள்ளும். இளைஞர் ஒருவரின் முறிந்த எலும்பில் இருக்கும் பள்ளத்தை நிரப்பினால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

எலும்புப்புரை என்பதே இந்தக் கணக்கு கெட்டுப்போன நிலை. அரிப்பு முந்துகிறது, கட்டுமானம் பிந்துகிறது. நாம் வைத்த பொருளை மட்டும் உடல் எப்படி விதிவிலக்காக நடத்தும்? கரைந்த அளவுக்குப் புது எலும்பு வராவிட்டால், சில ஆண்டுகளில் அங்கே மறுபடி வெற்றிடம். சீக்கிரம் கரைவது நல்லதா, மெதுவாகக் கரைவது நல்லதா என்று எங்கள் ஆய்வகத்திலேயே ஓயாமல் வாதம் நடக்கும். கால்சியம் சல்பேட், அதாவது பாரிஸ் சாந்து, சில வாரங்களில் கரைந்துவிடும். 1892இலேயே டிரெஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை எலும்புப் பள்ளங்களில் நிரப்பிப் பார்த்திருக்கிறார். புருஷைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகை அதைவிட மெதுவாக, ஹைட்ராக்ஸிஅபடைட் பல ஆண்டுகள். மூன்று வேகங்களையும் கலந்து பார்ப்பதுதான் இப்போதைய போக்கு.

என் கருத்து: செலுத்தும் பொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது இறங்கும் இடத்தில் இருக்கும் செல்களின் போக்கையும் மாற்றியாக வேண்டும்.

செல்வி_ஆய்வு எழுதியது:

பொருள்மணி சொன்ன கடைசி வரியில்தான் என் ஆய்வு நிற்கிறது. ஹைட்ரோஜெல்களில் வேலை செய்கிறேன், அதாவது நீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலைகள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பைச் சேர்த்த கரைசல் குளிரில் திரவமாக இருக்கும், உடல் சூட்டில் கெட்டிப்படும். மெல்லிய ஊசியில் எளிதாகப் போகும், எலும்பின் சிறு துளைகளுக்குள்ளும் பரவும். சுமை தாங்குவது இதன் வேலை அல்ல. மருந்தை அந்த இடத்திலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் வேலை.

என்ன மருந்து? பிஸ்பாஸ்போனேட்டுகள் என்ற எலும்புப்புரை மருந்துகள் அரிக்கும் செல்களை அடக்கும், அவை ஹைட்ராக்ஸிஅபடைட்டோடு இறுக ஒட்டிக்கொள்வதும் நமக்குச் சாதகம். கால்சியத்தை ஒத்த தனிமமான ஸ்ட்ரான்சியம் இன்னொன்று. ஸ்ட்ரான்சியம் ரனிலேட் மருந்தை வாய்வழி எடுத்தவர்களில் இதயப் பிரச்சினைகள் தெரிந்ததால் 2014இல் ஐரோப்பாவில் அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதே அயனியைச் சிறு அளவில் எலும்புக்குள் மட்டும் விட்டால் உடல் முழுவதும் சுற்றாது என்பது எதிர்பார்ப்பு. பி.எம்.பி.-2 என்ற வளர்ச்சிப் புரதம் 2002இலேயே முதுகெலும்பு இணைப்புக்கு அனுமதி பெற்றது. கழுத்துப் பகுதியில் அதைப் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் வந்ததால் 2008இல் எச்சரிக்கை விட்டார்கள். வீரியமான மருந்து வைத்த இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

எங்கள் துறையில் என்னைச் சோர்வடைய வைப்பது ஒன்று உண்டு. பெரும்பாலான கட்டுரைகள் கருப்பை நீக்கிய எலியின் தொடையெலும்பில் ஒரு சிறு துளையிட்டு, ஜெல்லை வைத்து, புது எலும்பு வந்தது என்று முடிகின்றன. அந்தத் துளை சுமை தாங்கும் இடத்தில் இல்லை. எலி நான்கு காலில் நடக்கிறது, அதன் முதுகுக்கு மனித முதுகின் நிலை கிடையாது. ஆடுகளில் செய்து பார்த்தவை குறைவு. எலிச் சோதனையைப் படித்துவிட்டு எலும்புப்புரைக்குத் தீர்வு வந்துவிட்டது என்று செய்தி போடுகிறார்கள், நோயாளிகள் நம்பி விசாரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

(தட்டச்சில் விட்டுப்போனது: மேலே கருப்பை என்றது சினைப்பை. ஈஸ்ட்ரோஜன் குறைந்த நிலையை உண்டாக்கச் சினைப்பைகளைத்தான் நீக்குவார்கள்.)

கதிரொளி எழுதியது:

நடைமுறையில் இன்று செலுத்தும் பொருட்கள் பெரிய உதவி செய்யும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. திருகாணிகள். மெலிந்த எலும்பில் திருகினால் பிடிமானம் இருக்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் பக்கவாட்டில் துளைகள் உள்ள திருகாணியை முதலில் பொருத்தி, அதன் நடுக்குழாய் வழியாகச் சிறிதளவு சிமெண்டைச் செலுத்துகிறோம். இடுப்பு முறிவில் வைக்கும் ஆணியின் முனையிலும் இதையே செய்யலாம். எலும்பாக மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இங்கே கிடையாது, பிடித்துக்கொண்டால் போதும். பி.எம்.எம்.ஏ. அதை நன்றாகச் செய்கிறது.

கால்சியம் பாஸ்பேட்டுக்கும் அதற்குரிய இடம் உண்டு. முழங்காலுக்குக் கீழே தட்டையான மூட்டுப்பரப்பு உள்ளே அமுங்கிய முறிவுகளில், தூக்கி நிறுத்திய பரப்புக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதை நிரப்ப நோயாளியின் சொந்த இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து வைப்பது பழைய வழக்கம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட, 2008இல் வந்த ஓர் ஆய்வில், கால்சியம் பாஸ்பேட் வைத்தவர்களுக்கு மூட்டுப்பரப்பு மறுபடி இறங்குவது குறைவாக இருந்தது. தகடும் திருகாணியும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன, சிரைக் கசிவு அச்சமும் குறைவு. பொருளின் குணத்துக்கு ஏற்ற இடத்தில் வைத்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது.

நிலவழகி எழுதியது:

முறிவதற்கு முன்பே செலுத்தி எலும்பைப் பலப்படுத்த முடியாதா? அம்மாவின் இடுப்பை நினைத்துத்தான் எனக்கு அதிகப் பயம்.

பொருள்மணி எழுதியது:

முயன்றிருக்கிறார்கள். இறந்தவர்கள் தானமாகத் தந்த தொடையெலும்புகளில் பி.எம்.எம்.ஏ.வை நிரப்பினால் வலு கூடுகிறது. ஆனால் 30 மில்லி லிட்டர் அளவுக்குக்கூடத் தேவைப்பட்டது. அவ்வளவு சிமெண்ட் இறுகும்போது வரும் சூட்டை உயிருள்ள எலும்பில் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வழியில் மனிதர்களிடம் செய்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கால்சியம் சல்பேட், புருஷைட், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் மூன்றும் கலந்த ஏ.ஜி.என்.1 என்ற பொருள். எலும்புப்புரை உள்ள 12 பெண்களுக்கு ஒரு பக்கத் தொடையெலும்பின் மேற்பகுதியில் சிறு துளையிட்டு, உள்ளே இருந்த கொழுப்பைக் கழுவி எடுத்து, இதை நிரப்பினார்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பக்கத்தின் அடர்த்தி மறுபக்கத்தை விட அதிகமாகவே நின்றது. கரையும் பொருள் கரைந்த இடத்தில் எலும்பு நின்றிருக்கிறது என்பதால் இந்த முடிவு எனக்கு உற்சாகம் தந்தது. மேலே நானே எழுப்பிய ஐயத்துக்கு இது எதிர்ச்சான்று. ஆனால் 12 பேரை வைத்து இடுப்பு முறிவு குறைகிறதா என்று சொல்ல முடியாது. அதற்குப் பெரிய ஒப்பீட்டாய்வு வேண்டும்.

சாந்தா_பிசியோ எழுதியது:

இயன்முறை மருத்துவராக ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு முள்ளெலும்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொன்று முறிகிறது. சிமெண்ட் ஓர் எலும்பைத்தான் பார்த்துக்கொள்ளும். மற்ற எலும்புகளுக்கு மருந்துதான் வழி. ஆண்டுக்கு ஒருமுறை சிரை வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், 2007இல் வந்த ஹொரைசன் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முள்ளெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. செலுத்தும் எந்தப் பொருளும் இன்றுவரை இதற்கு அருகில் வரவில்லை. எலும்பு அரிப்பை அடக்கும் டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடுத்தடுத்து முள்ளெலும்புகள் முறியும் ஆபத்து உண்டு. மாற்று மருந்தை மருத்துவர் தொடங்கிய பிறகே நிறுத்த வேண்டும்.

உடற்பயிற்சியிலும் கவனம் வேண்டும். 1984இல் சினாகி, மிக்கெல்சன் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் குனியும் பயிற்சி செய்த எலும்புப்புரைப் பெண்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு வந்தது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதை வைத்தே இன்றும் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறேன். அம்மா எதையாவது எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி எடுக்கட்டும்.

மருதன் எழுதியது:

சாந்தா அவர்கள் சொன்னதைத்தான் நான் முதலில் எதிர்பார்த்தேன். என் தந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எலும்புப்புரைக்கு மருந்து தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்ட பிறகுதான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். எந்தப் பொருள் வந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது.

நிலவழகி எழுதியது:

கடைசியாக ஒரு நடைமுறைச் சந்தேகம். சிமெண்ட் வைத்துக்கொண்டால் பிறகு எம்.ஆர்.ஐ., டெக்ஸா எடுப்பதில் பிரச்சினை வருமா?

கதிரொளி எழுதியது:

எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை. இது உலோகம் அல்ல, படத்தில் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். டெக்ஸாவில் மட்டும் கவனம் தேவை. கால்சியம் கலவையோ பேரியம் கலந்த சிமெண்டோ உள்ள முள்ளெலும்பு பொய்யாக அதிக அடர்த்தி காட்டும். அமுங்கிய முள்ளெலும்பும் அப்படித்தான், சிமெண்டே இல்லாவிட்டாலும். அதனால் அந்த எலும்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அளப்பார்கள். டெக்ஸாவில் இடுப்புப் பகுதியின் முதல் நான்கு முள்ளெலும்புகளைத்தான் பார்ப்பார்கள் என்பதால் அம்மாவின் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு அந்தக் கணக்கிலேயே வராது. இருந்தாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் அதே இயந்திரத்திலேயே மறுபடி எடுங்கள், இயந்திரம் மாறினால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது.